ராணுவ டிரோனும் அண்ணாந்து பார்ப்பவர்களும்

கீழப்பாவூர் சுற்றுவட்டாரத்தில் நெல்லுக்கு டிரோன் வைத்து மருந்தடிப்பது இன்று புதுமையில்லை. வரப்பில் நிற்பவர், கழுத்தில் வார் போட்டு மாட்டிய ரிமோட்டின் திரையைப் பார்த்தபடி இரண்டு கட்டைவிரல்களால் ஓட்டுகிறார். பத்து லிட்டர் டேங்க். ஏக்கருக்குப் பத்து நிமிடம்கூட ஆவதில்லை. பேட்டரி இறங்கினாலோ ரிமோட்டோடு தொடர்பு அறுந்தாலோ, கிளம்பிய இடத்துக்கே தானாகத் திரும்பி வந்து இறங்கும்படி முன்கூட்டியே அமைத்து வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம் விட்டு பாவூர்சத்திரம் பக்கம் போகும் பிள்ளைகள் சைக்கிளை ஓரங்கட்டிவிட்டு, பேட்டரி மாற்றி அது மறுபடி எழும்பும்வரை நின்று பார்க்கிறார்கள். “அண்ணே, சண்டையில விடுற டிரோனையும் இப்படித்தான் ஓட்டுவாங்களா?” என்பதுதான் அவர்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்வி.

2025 மே மாதத்துக்குப் பிறகு இதைச் சின்னப் பிள்ளைகளின் கேள்வி என்று தள்ளிவிட முடியாது. மே 8 இரவு, லே முதல் சர் கிரீக் வரை மேற்கு எல்லை நெடுக 36 இடங்களில் 300 முதல் 400 டிரோன்கள் ஊடுருவ முயன்றதாக நமது அரசே அறிவித்தது. அந்த எல்லைக்கும் தென்காசி மாவட்டத்துக்கும் இடையே நாட்டின் முழு நீளமும் கிடக்கிறது. ஆனால் மகேந்திரகிரியில் இஸ்ரோவின் ராக்கெட் எஞ்சின் சோதனைக் கூடமும், கூடங்குளத்தில் அணு உலையும், விஜயநாராயணத்தில் கடற்படைத் தளமும் நமக்கு அக்கம்பக்கத்தில்தான் இருக்கின்றன. போர் டிரோனை யார், எங்கிருந்து ஓட்டுகிறார்கள், அதை வெளியாட்கள் எப்படிப் பார்க்கிறார்கள், பார்ப்பது குற்றமா என்பதெல்லாம் நாமும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள்.

அடிப்படை ஒன்றுதான். வயலில் பறப்பதற்கும் கடல்மேல் பறப்பதற்கும் கீழே ஒரு மனிதர் இருக்கிறார். இடையில் ரேடியோ அலை இருக்கிறது. அந்த அலை எத்தனை தூரம் போகிறது என்பதில்தான் வித்தியாசம். நம் கடற்படை 2020 நவம்பரில் குத்தகைக்கு எடுத்து அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி தளத்திலிருந்து பறக்கவிட்ட சீ கார்டியன் ரகத்தை எடுத்துக்கொள்வோம். இறக்கையின் முனைக்கு முனை 24 மீட்டர். ஒரே மூச்சில் 30 மணி நேரத்துக்கு மேல் வானில் நிற்கும். தரையில் ஓர் அறையில் அதை ஓட்டும் விமானி. அவர் பக்கத்தில் கேமராவையும் ராடாரையும் கையாளும் இன்னொருவர். விமானம் கண்ணுக்கெட்டும் எல்லைக்குள் இருக்கும்போது தரையிலுள்ள ஆன்டெனாவோடு நேரடித் தொடர்பு. அடிவானத்தைத் தாண்டிவிட்டால் பூமிக்கு மேலே 36,000 கிலோமீட்டரில் நிற்கும் செயற்கைக்கோள் வழியாகத்தான் ஆணை போகும், படம் வரும்.

அமெரிக்காவில் இது இன்னும் நீண்ட சங்கிலி. நெவாடா மாநிலத்து கிரீச் விமானப்படைத் தளத்தில் விமானி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அவர் கை அசைவு கடலடிக் கேபிள் வழியாக ஜெர்மனியின் ராம்ஸ்டைன் தளத்துக்குப் போய், அங்கிருந்து செயற்கைக்கோளுக்கு ஏறி, ஆசியாவில் பறக்கும் விமானத்துக்கு இறங்கும். போய்த் திரும்ப ஒன்றிரண்டு நொடி பிடிக்கும். வானத்தின் உச்சியில் வட்டமடிக்கையில் அந்தத் தாமதம் பெரிதில்லை. ஓடுபாதையில் சக்கரம் தொடும் நேரத்தில் அது விமானத்தையே கவிழ்த்துவிடும். அதனால்தான் ஏற்றவும் இறக்கவும் அந்தந்தத் தளத்திலேயே ஒரு குழுவை வைத்திருந்தார்கள். ஏற்றிவிட்டு நெவாடாக்காரரிடம் ஒப்படைப்பார்கள், இறங்கும் நேரத்தில் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். புதிய ரகங்கள் தாமாகவே ஏறி இறங்கக் கற்றுவிட்டன.

2024 செப்டம்பர் 18 அன்று மதியம், ராஜாளியிலிருந்து கிளம்பிய சீ கார்டியன் ஒன்றில் கோளாறு. பறக்கும்போதே சரிசெய்ய முடியவில்லை. ஆட்கள் இல்லாத கடல் பகுதிக்குக் கொண்டுபோய், சென்னைக்கு அப்பால் வங்கக்கடலில் கட்டுப்பாட்டோடு இறக்கிவிட்டதாகக் கடற்படை அன்றைக்கே சொல்லிவிட்டது. அடுத்த மாதம், அக்டோபர் 15 அன்று, இதே குடும்பத்தைச் சேர்ந்த 31 டிரோன்களை வாங்க அமெரிக்காவோடு ஒப்பந்தம் கையெழுத்தானது: கடற்படைக்கு 15, தரைப்படைக்கும் விமானப்படைக்கும் தலா 8. நம் தலைக்குமேல் இவை பறக்கப்போவது நிச்சயம். ராமநாதபுரத்து உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து தளத்தைச் சுற்றி வாழும் மீனவர்களுக்கு ஆளில்லா விமானம் ஏற்கெனவே பழகிய காட்சி.

இனி, பார்ப்பவர்கள் பக்கம் வருவோம். செயற்கைக்கோளிலிருந்து கீழே இறங்கும் அலை குறி வைத்து ஒரே கூரைமேல் விழுவதில்லை. பல நாடுகளை ஒருசேர நனைக்கிறது. அந்தப் பரப்புக்குள் எவர் மாடியில் டிஷ் ஆன்டெனா இருந்தாலும் அலை அதற்குள்ளும் விழும். பிரிட்டனில் செயற்கைக்கோள் தொலைக்காட்சி அலைவரிசைகளைத் தேடிப் பிடிப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருந்த ஒருவருக்கு, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்படித்தான் ஒரு படம் வந்து விழுந்தது. பால்கன் நாடுகளின்மேல் நேட்டோவின் உளவு விமானங்கள் எடுத்துக்கொண்டிருந்த நேரடிக் காட்சி அது. மறையாக்கம் எதுவும் இல்லை. வீட்டிலுள்ள சாதாரணப் பெட்டியிலேயே தெளிவாகத் தெரிந்தது. அவர் அதை விற்கவில்லை, ஒளித்துவைக்கவும் இல்லை. உரிய ராணுவத் தரப்புகளுக்குத் தகவல் கொடுத்தார். மாதக்கணக்கில் எதுவும் மாறவில்லை. கடைசியில் 2002 ஜூனில் பி.பி.சி. ஒளிபரப்பிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

இதோடு வேறு இரண்டு சம்பவங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1997 செப்டம்பரில் தெற்கு லெபனானின் அன்சாரியா கிராமத்தருகே இரவில் இறங்கிய இஸ்ரேலியக் கடற்படைக் கமாண்டோக்கள் பதுங்கித் தாக்கப்பட்டு 12 பேர் இறந்தார்கள். அவர்கள் வரப்போகும் பாதையை முன்கூட்டியே படம்பிடித்த இஸ்ரேலிய டிரோனின் காட்சியை ஹிஸ்புல்லா இடைமறித்துப் பார்த்து வந்ததாக அதன் தலைவர் நஸ்ரல்லா 2010-இல்தான் வெளிப்படையாகச் சொன்னார். பதின்மூன்று ஆண்டு அந்த ரகசியம் காக்கப்பட்டது. அடுத்தது இராக். செயற்கைக்கோள் இணையத்தில் மற்றவர்கள் இறக்கும் சினிமாவையும் பாட்டையும் பிடிப்பதற்கென்று ரஷ்ய நிறுவனம் ஒன்று தயாரித்த 26 டாலர் மென்பொருளை வைத்து, அமெரிக்க பிரிடேட்டர் டிரோன்களின் காட்சியைக் கிளர்ச்சியாளர்கள் பதிவு செய்திருந்தார்கள். பிடிபட்ட மடிக்கணினிகளில் அந்தப் பதிவுகள் கிடைத்ததாக 2009 டிசம்பரில் செய்தி வந்தது. டிரோனின் விலையோ பல லட்சம் டாலர். இந்தப் பலவீனம் பால்கன் போர்க் காலத்திலிருந்தே அமெரிக்க ராணுவத்துக்குத் தெரியும். உள்ளூர்க்காரர்களுக்கு இதைக் கண்டுபிடிக்கத் தெரியாது என்று நினைத்துவிட்டார்கள்.

மூன்று இடத்திலும் ஓட்டை ஒன்றுதான். எதிரி அதைக் கண்டபோது வாயைத் திறக்கவில்லை, பயன்படுத்திக்கொண்டான். பொழுதுபோக்காகப் பார்த்தவர்தான் கதவைத் தட்டிச் சொன்னார். அஞ்சலட்டையில் எழுதிப் போட்டுவிட்டு, வழியில் படித்தவர்மேல் கோபப்படுவதில் பொருளில்லை. பாதுகாப்பு அமைப்புகள் ஆர்வலரை எதிரியின் கையாளாகவே பார்க்கும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்கு முதல் காரணம் இதுதான். அவர் கண்ணில் பட்டது வேறு எவர் கண்ணிலும் படும். அவர் சொல்லாவிட்டால் நமக்குத்தான் தெரியாமல் போகும்.

இன்றைய ஆர்வலர்கள் பெரும்பாலும் படத்தைத் தேடுவதில்லை, இடத்தைத் தேடுகிறார்கள். பயணிகள் விமானங்கள் தங்கள் அடையாள எண்ணையும் உயரத்தையும் இருக்கும் இடத்தையும் 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நொடிக்கு நொடி ஒலிபரப்பிக்கொண்டே பறக்கின்றன. விமானங்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. அதனால் அதில் ரகசியம் கிடையாது. கணினியில் டி.வி. பார்ப்பதற்கென்று வந்த, பென் டிரைவ் அளவே உள்ள ஒரு கருவியை வைத்து இந்த அலையைப் பிடிக்கலாம் என்று 2012 வாக்கில் உலகம் முழுக்கத் தெரிந்தது. சில ஆயிரம் ரூபாய்ச் செலவு. இடத்தைச் சொல்லாமல் அடையாளத்தை மட்டும் அனுப்பும் விமானத்தையும் விடுவதில்லை: வெவ்வேறு ஊர்களில் உள்ள நான்கு கருவிகளுக்கு ஒரே அலை எந்தெந்த நொடித் துணுக்கில் வந்து சேர்ந்தது என்று கணக்கிட்டால் அது நிற்கும் இடம் கிடைத்துவிடும்.

ராணுவ டிரோன்களும் மற்ற விமானங்கள் நடமாடும் வான்வழியைப் பகிர்ந்துகொள்ளும்போது அடையாளத்தை ஒலிபரப்பும் கருவியை இயக்குகின்றன; வேண்டாதபோது அணைத்துவிடுகின்றன. ரஷ்யா 2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைனுக்குள் நுழைவதற்கு முந்தைய வாரங்களில், சிசிலித் தீவிலிருந்து கிளம்பிய அமெரிக்க குளோபல் ஹாக் டிரோன் கருங்கடல் பக்கம் மணிக்கணக்கில் சுற்றியதை உலகத்தில் கைப்பேசி வைத்திருந்த எவரும் இணையத்தில் பார்க்க முடிந்தது. அமெரிக்கா அதை மறைக்க நினைத்திருந்தால் மறைத்திருக்கும். தான் பார்த்துக்கொண்டிருப்பது ரஷ்யாவுக்குத் தெரியட்டும் என்றே வெளிச்சத்தில் பறக்கவிட்டது. ஆக, ஆர்வலர் கண்டுபிடித்ததாக நினைக்கும் பலவும் ராணுவம் காட்ட விரும்பியவையே.

நம் ஊர்ப் பக்கத்திலேயே இதற்கு இன்னும் நல்ல சான்று இருக்கிறது. பாவூர்சத்திரத்திலிருந்து ஏறத்தாழ எழுபது கிலோமீட்டரில் விஜயநாராயணம். அங்குள்ள ஐ.என்.எஸ். கட்டபொம்மன் தளம் 1990-இல் தொடங்கப்பட்டது. கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்குக் கரையிலிருந்து ஆணை அனுப்புவது அதன் வேலை. சாதாரண ரேடியோ அலை உப்புநீருக்குள் இறங்காது. மிகக் குறைந்த அதிர்வெண் கொண்ட அலைதான் சில மீட்டர்களாவது இறங்கும். அதற்காகத்தான் வானளாவிய அந்தக் கோபுரங்கள். 18.2 கிலோஹெர்ட்ஸில் அது அனுப்பும் அலை உலகின் பல மூலைகளில் கேட்கிறது. அதன் அழைப்புக் குறி வி.டி.எக்ஸ். என்பதும் உலகெங்கும் உள்ள ரேடியோ ஆர்வலர்களுக்கு மனப்பாடம். ஆனால் உள்ளே என்ன செய்தி போகிறது என்பது யாருக்கும் தெரியாது. பூட்டு அவ்வளவு பலமானது.

அந்த அலையை வைத்து ஆர்வலர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? சூரியனைப் படிக்கிறார்கள். சூரியனில் பெரும் வெடிப்பு நிகழ்ந்தால் அதன் எக்ஸ் கதிர்கள் நம் வளிமண்டலத்தின் மேலடுக்கை மாற்றிவிடும். அந்த அடுக்கில் பட்டுத் திரும்பும் அலையின் வலிமை சட்டென்று ஏறும் அல்லது இறங்கும். கையால் சுற்றிய கம்பிச் சுருள் ஒன்றும் கணினியும் இருந்தால் வீட்டிலிருந்தே இதைப் பதிவு செய்யலாம். 2009 ஜூலை 22 முழுச் சூரிய கிரகணத்தின்போது கொல்கத்தாவின் இந்திய விண்வெளி இயற்பியல் மையத்து விஞ்ஞானிகள் நாட்டின் பல இடங்களில் கருவிகளை வைத்து, நம் விஜயநாராயணத்து அலையைத்தான் அளந்தார்கள். நிழல் கடந்துபோன பாதையில் வளிமண்டலம் எப்படி மாறியது என்பதற்கு அது ஆதாரமானது. நாட்டின் மிக ரகசியமான ஆணைகளைச் சுமக்கும் அலை, பாதுகாப்புக்கு எந்தப் பங்கமும் இல்லாமல் அறிவியலுக்கும் பயன்பட்டிருக்கிறது. இதைவிட நல்ல ஏற்பாடு வேறென்ன வேண்டும்? டிரோன்களுக்கும் இதே நிலையைத்தான் கேட்கிறேன்.

விருப்பத்துக்காகப் பார்ப்பவர்களைப் பற்றி மட்டும் பேசிவிட்டு நகர்ந்துவிட முடியாது. பார்க்காமல் இருக்க வழியில்லாதவர்களும் உண்டு. இலங்கை விமானப்படை 1990-களிலிருந்தே இஸ்ரேலில் தயாரான ஆளில்லா விமானங்களை வடக்கிலும் வன்னியிலும் பறக்கவிட்டது. வண்டு என்றுதான் அங்குள்ள மக்கள் அதைச் சொன்னார்கள். சத்தத்தை வைத்தே அது எந்தத் திசையில் நிற்கிறது, விலகிப் போகிறதா வட்டமடிக்கிறதா என்று குழந்தைகள்கூடச் சொல்வார்கள். அடுத்து எறிகணை வரலாம் என்று பதுங்குகுழிக்கு ஓடுவார்கள். 2009-இல் போரின் முடிவில் என்ன நடந்தது என்பதை ஆராய்ந்த ஐ.நா. நிபுணர் குழு, அந்த விமானங்கள் எடுத்த நேரடிக் காட்சிகளைப் பற்றித் தன் 2011 அறிக்கையில் குறிப்பிட்டது. மேலே இருந்த கண் என்ன கண்டது என்ற கேள்விக்கு முழு விடை இன்றுவரை பொதுவெளிக்கு வரவில்லை. கீழே இருந்தவர்களிடம் பதிவு செய்ய ஒரு கருவி இருந்திருந்தால், எந்த நாளில் எந்த நேரத்தில் எது பறந்தது என்ற ஒரு பட்டியலாவது மிஞ்சியிருக்கும். ஆயிரம் மைலுக்கு அப்பால் அறைக்குள் உட்கார்ந்து ஒருவர் ஒரு கிராமத்தை நாள் முழுக்கப் பார்க்க முடியும் என்ற நிலை வந்தபின், பதிலுக்கு வானத்தைப் பார்க்கும் உரிமை கிராமத்துக்கும் இருக்க வேண்டும்.

இந்த உரிமை நம் சட்டத்தில் எங்கே நிற்கிறது? தெளிவாக எங்கும் இல்லை. எண்பதுகள் வரை வீட்டு ரேடியோவுக்கு அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் லைசென்ஸ் கட்டியது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1933-ஆம் ஆண்டுச் சட்டம், உரிமமில்லாமல் கம்பியில்லாத் தந்திக் கருவி வைத்திருப்பதையே குற்றமாக்கியது. அதற்கு மாற்றாக 2023-இல் தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. 1923-ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டமோ அப்படியே நிற்கிறது. வானத்திலிருந்து தானாக வரும் விமான அடையாளத்தை ஒரு பிளஸ் டூ மாணவர் தன் கணினியில் வாங்கிப் பார்க்கலாமா, கூடாதா? காவல் நிலையத்தில் கேட்டாலும் விமானத் துறையில் கேட்டாலும் ஒரே பதில் வரும் என்று சொல்ல முடியாது. 2010-இல் டெல்லி விமான நிலையத்தருகே விடுதியில் தங்கி விமானங்களைக் கவனித்துக்கொண்டிருந்த பிரிட்டன்காரர்கள் இருவர் கைதாகி, பல வாரங்கள் அல்லாடிவிட்டுத்தான் ஊர் திரும்பினார்கள். கிரீஸில் 2001 நவம்பரில் கலமாட்டா விமானத் தளத்தில் விமான எண்களைக் குறித்துக்கொண்டிருந்த 12 பிரிட்டன்காரர்களையும் 2 டச்சுக்காரர்களையும் ஒற்றர்கள் என்று பிடித்து, கீழமை நீதிமன்றம் தண்டனையும் கொடுத்தது. கைதான ஓராண்டில் மேல்முறையீட்டில் அத்தனை பேரும் விடுதலை.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தெரிந்ததையெல்லாம் அந்த நொடியே உலகத்துக்குச் சொல்லும் உரிமை என்று ஒன்று கிடையாது. 2008 மும்பை தாக்குதலைத் தொலைக்காட்சிகள் நேரலையில் காட்டியபோது, எல்லைக்கு அப்பாலிருந்து பயங்கரவாதிகளை இயக்கியவர்கள் அதையே பார்த்து அடுத்த ஆணையைக் கொடுத்தார்கள். 2012-இல் உச்ச நீதிமன்றம் கசாப் வழக்குத் தீர்ப்பில் அதைக் கடுமையாகக் கண்டித்தது. பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு 2025 ஏப்ரல் 26 அன்று, படை நடமாட்டங்களை நேரலையாகக் காட்டக் கூடாது என்று தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அறிவுறுத்தியது மிகச் சரி. போர்ப் பதற்றம் இருக்கும் நாட்களில் தளத்திலிருந்து எது கிளம்பியது, எந்தப் பக்கம் போனது என்று பதிவிடுபவர் ஆர்வலர் இல்லை. தெரிந்தோ தெரியாமலோ எதிரிக்கு வேலை செய்பவர். அந்த டிரோனைக் கீழே அறையில் இருந்து ஓட்டுபவரும், அது காத்து நிற்கும் படகிலோ மலையிலோ இருப்பவர்களும் நம் பிள்ளைகள். நாள் கடந்து, பதற்றம் அடங்கிச் சொன்னால் எந்த உண்மையும் கெட்டுப்போகாது.

அரசு நினைத்தால் இந்த ஆர்வத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ள முடியும். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் தன் நாட்டில் பொழுதுபோக்காக ரேடியோ இயக்கிய ஹாம் ரேடியோக்காரர்களின் ஒலிபரப்பும் கருவிகளைப் பறிமுதல் செய்தது; பிறகு அவர்களிலேயே ஏறத்தாழ 1,500 பேரைத் தேர்ந்தெடுத்து, இரவெல்லாம் ஜெர்மானிய உளவுத் துறையின் அலைகளைக் கேட்டு எழுத வைத்தது. அந்தத் தாள்கள்தான் பிளெட்ச்லி பார்க்கில் சங்கேதம் உடைத்தவர்களின் மேசைக்குப் போயின. உக்ரைனில் 2022 முதல், டிரோனைக் கண்டவர் கைப்பேசியில் ஒரு பொத்தானை அழுத்தினால் திசையும் இடமும் வான்பாதுகாப்புப் படைக்குப் போய்ச் சேர்கின்றன. படை இருக்கும் இடத்தை வெளியிடுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிய அதே நாடுதான் இதையும் செய்தது. இங்கேயும் 2004 சுனாமியின்போது போர்ட் பிளேரில் இருந்த ஹாம் ரேடியோக்காரர் பாரதி பிரசாத்தின் குழு, தொலைபேசிகள் செத்துப்போன நேரத்தில் அந்தமானுக்கும் பெருநிலத்துக்கும் இடையே தகவல் கொண்டுசேர்த்ததை நாடு பார்த்தது.

ஹாம் உரிமத் தேர்வு எழுத நம் நாட்டில் 12 வயது நிரம்பினால் போதும். தென்காசி மாவட்டத்தில் எத்தனை அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு இது தெரியும்? மாவட்டத்துக்கு ஒரு பள்ளியிலாவது ரேடியோ மன்றம் தொடங்க, ஒரு ஆன்டெனாவும் ஒரு பழைய கணினியும் ஆர்வமுள்ள இயற்பியல் ஆசிரியர் ஒருவரும் போதும். சூரிய வெடிப்பைப் பதிவு செய்வதிலிருந்தே தொடங்கலாம். அலை பக்கத்து ஊரிலிருந்தே வருகிறது. மலையோரத்து மத்தளம்பாறையில் மென்பொருள் நிறுவனம் வந்து, கிராமத்துப் பிள்ளைகள் கணினியில் எதையும் செய்வார்கள் என்று காட்டியிருக்கிறது. டிரோன் ஓட்டப் பயிற்சி, உரிமம், பச்சை மஞ்சள் சிவப்பு மண்டலங்கள் என்று 2021 டிரோன் விதிகள் பறக்கவிடுபவருக்கு வழி சொல்லிவிட்டன. பார்ப்பவருக்கும் கேட்பவருக்கும் அப்படி ஒரு பக்கம்கூட இல்லை.

அதை எழுதுவது கடினமான காரியமில்லை. பூட்டாமல் பொதுவாக ஒலிபரப்பாகும் விமான அடையாள அலைகளை வாங்குவது குற்றமில்லை என்று ஒரு வரி. பூட்டிய அலையை உடைப்பதும், பதற்ற காலத்தில் படை நடமாட்டத்தை உடனுக்குடன் வெளியிடுவதும் குற்றம் என்று இன்னொரு வரி. கணினி அமைப்புகளில் ஓட்டை கண்டவர் தகவல் கொடுக்க செர்ட்-இன் என்ற அரசு அமைப்பு இருப்பதுபோல, ராணுவ அலை எதுவும் பூட்டில்லாமல் கசிவதைக் கண்டவர் பயமின்றித் தெரிவிக்க ஓர் அலுவலகம். தெரிவித்தவர்மேல் வழக்கு வராது என்ற உறுதி. ஒப்பந்தம் போட்ட 31 டிரோன்கள் வந்து சேர இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன. பாதுகாப்பு அமைச்சகமும் தொலைத்தொடர்புத் துறையும் சேர்ந்து உட்கார்ந்து, அவை வருவதற்கு முன் இந்த விதிகளை வெளியிட்டுவிடலாம். தமிழிலும் வெளியிட வேண்டும்.